கனவு கொடுத்ததா? கணக்கு கொடுத்ததா?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையை வடசென்னையில் அறியாதார் யார்? வேலைக்குப் போகிறவர் அதனைச் சபிப்பார். பள்ளிக்கு வரும் பிள்ளைகளோ அதனை எண்ணிக்கொண்டே வருவர். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் தீட்டப்பட்டிருக்கும். ஏழாவது இலக்கம் மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் தனித்து நிற்கும்.

"அதுக்கு மட்டும் ஏன் சார் கட்டம்?" என்று திருவொற்றியூரில் என் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் கேட்டான்.

நல்ல கேள்வி. முன்னே நிற்கும் எழுத்துகளையும் ஆறு இலக்கங்களையும் ஒரு விதிப்படி கணக்கிட்டால், கட்டத்துக்குள் உள்ள இலக்கம் விடையாக வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். துறைமுகத்துக் கணிப்பொறி அந்தப் பிழையை அங்கேயே பிடித்துவிடும் என்று விளக்கினேன். விளக்கிய உற்சாகத்தில், "இதே துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ஒருவர் எழுதிய கணக்கு, உலகத்தின் பெரிய கணிப்பொறிகளுக்கெல்லாம் பின்னாளில் பயன்பட்டது தெரியுமா?" என்று சுவரில் தொங்கிய இராமானுஜன் படத்தைச் சுட்டிக் காட்டினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அவருக்குச் சாமி கனவுல வந்து சொல்லிச்சாமே சார். எங்க கனவுல யார் வந்து சொல்லப் போறாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் தந்தை சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. கணக்கில் அவள் கெட்டிக்காரி. ஆனால் கணக்கு என்பது தெய்வம் யாருக்கோ பொறுக்கிக் கொடுத்த வரம், தமக்கு அதில் பங்கில்லை என்று அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சம் முடிவு கட்டிவிட்டது! பக்திக் கதைதானே, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்போர் உண்டு. என்ன குறைந்தது என்பதை அன்று என் வகுப்பில் கண்ணாரக் கண்டேன். அதனால்தான் இந்த வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

துறைமுகத்து எழுத்தர்

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். வயது 24. மாதச் சம்பளம் ரூபாய் 30. பெயர் சீனிவாச இராமானுஜன்.

அந்த நாற்காலியில் வந்து அமர்வதற்குமுன் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் பரிசுகள் வாங்கியவர், கல்லூரியில் தோற்றார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் 1907இல் தோல்வி. பட்டம் இல்லை, பிழைப்பு இல்லை, கையில் ஒரு நோட்டுப்புத்தகம் மட்டும் உண்டு. அதனை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அதனைப் பார்த்தார். பார்த்து, மேலும் சிலரிடம் அனுப்பினார். நெல்லூரில் ஆட்சித் தலைவராயிருந்த இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து வந்தார். பிறர் தயவில் வாழ மனமின்றி இராமானுஜன் தேடிக்கொண்ட வேலைதான் துறைமுக வேலை.

அன்று துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். புயலுக்கு இரையாகிய பழைய துறைமுகத்தின் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் வாயில் அமைத்துக் கப்பல்கள் அச்சமின்றித் தங்க வழி செய்தவர். அவருக்கு அடுத்த நிலையில் நாராயண ஐயர். அவரும் கணக்கில் தேர்ந்தவர். மாலையில் அலுவலகம் முடிந்தபின் இராமானுஜனும் அவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் கணக்குப் போடுவார்கள். "உன் ஓட்டத்துக்கு உலகம் வராது; இடையில் உள்ள படிகளையும் எழுது" என்ற கருத்தில் இவர் வற்புறுத்துவார்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் சென்றது. சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் நான் என்று தொடங்கி, பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ஸ்பிரிங் அந்த நோட்டுப்புத்தகத்தை அவரிடம் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது.

ஒரு சூத்திரத்தின் பயணம்

அதே 1914இல் இலண்டனில் வெளிவந்த ஓர் இதழில் இராமானுஜனின் கட்டுரை ஒன்று அச்சாயிற்று. வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை 'பை' என்கிறோம். 3.14159 என்று தொடங்கி முடிவே இல்லாமல் ஓடும் எண் அது. அதன் மதிப்பைக் காணப் பல புதிய வழிகளை அந்தக் கட்டுரை கூறிற்று. 17 தொடர்களை வரிசையாகக் கொடுத்தது.

அதன் அருமை விளங்க வேண்டுமானால் அதற்கு முன்பிருந்த நிலையை அறியவேண்டும். 14ஆம் நூற்றாண்டில் கேரளத்து மாதவர் ஒரு தொடரைக் கண்டார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் அதனையே கண்டார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி, இப்படியே போய்க்கொண்டிரு. வருவதை நான்கால் பெருக்கினால் பை. அழகான தொடர், ஆனால் ஆமை நடை! ஆறு தசம இலக்கங்கள் சரியாக வருவதற்கே இலட்சக்கணக்கான உறுப்புகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இராமானுஜன் தந்த தொடர்களுள் ஒன்றின் முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1103ஐ இரண்டால் பெருக்கு; அதனை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கு; வருவதைக் கொண்டு 9801ஐ வகு. விடை 3.1415927. ஒரே உறுப்பில் ஆறு தசம இலக்கங்கள் சரி! அடுத்த உறுப்பைச் சேர்த்தால் ஏறக்குறைய எட்டு இலக்கங்கள் கூடும். அதற்கடுத்த உறுப்பில் இன்னும் எட்டு. ஆமை நடந்த பாதையில் குதிரை பாய்ந்தது. கைப்பேசியிலுள்ள கணக்குக் கருவியை எடுத்து யாரும் இதனைச் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், நம்பும்படி கேட்கவில்லை.

ஆயினும் 1914இல் அந்தக் குதிரை ஓடுவதற்குக் களம் இல்லை. கையால் கணக்கிடும் மனிதன் எத்தனை இலக்கம் போவான்? இங்கிலாந்தில் வில்லியம் ஷாங்க்ஸ் என்பவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1873இல் 707 இலக்கங்களை வெளியிட்டார். 528ஆவது இலக்கத்திலிருந்து அத்தனையும் தவறு என்பது 1940களில் வேறொருவர் கணக்கிட்டபோதுதான் வெளிப்பட்டது. ஓரிடத்தில் சறுக்கினால் அதன்பின் உள்ள உழைப்பெல்லாம் வீண்! 1949இல் அமெரிக்காவின் 'எனியாக்' என்னும் தொடக்ககாலக் கணிப்பொறி, வெற்றிடக் குழாய்கள் கனன்று எரிய ஏறத்தாழ 70 மணி நேரம் உழைத்து 2037 இலக்கங்கள் கண்டது. அதுவும் பழைய வகைச் சூத்திரத்தைக் கொண்டுதான்.

1985இல்தான் இராமானுஜனின் தொடர் களத்தில் இறங்கிற்று. அமெரிக்கரான வில்லியம் காஸ்பர் என்னும் மென்பொருள் வல்லுநர் அந்தத் தொடரைச் சிம்பாலிக்ஸ் என்னும் கணிப்பொறிக்குக் கற்பித்தார். பொறி 1 கோடியே 75 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைத் தந்தது. இதில் வியப்பு ஒன்று உண்டு. அந்தத் தொடர் சரி என்பதற்கு அன்றுவரை யாரும் முழு நிரூபணம் எழுதியிருக்கவில்லை! வேறு வழியில் முன்பே கண்டிருந்த இலக்கங்களோடு காஸ்பரின் இலக்கங்களை ஒப்பிட்டனர், பொருந்தின. அதன்பின் போர்வைன் சகோதரர்கள் 1987இல் நிரூபணத்தையே வெளியிட்டனர். எழுத்தர் எழுதி 70 ஆண்டுகள் கழித்து, பொறி அதற்குச் சாட்சி சொல்லியது. அறிவு அதற்குத் தீர்ப்பு எழுதியது.

பை எண்ணின் இத்தனை இலக்கங்கள் யாருக்குத் தேவை என்று கேட்கலாம். விண்கலத்தை வழிநடத்தப் பதினைந்து பதினாறு இலக்கங்கள் போதும். உண்மைதான். ஆனால் பொறியைச் சோதிக்க இந்தக் கணக்கு உதவுகிறது. கோடிக்கணக்கான பெருக்கல்களில் ஒரே ஒன்று பிசகினாலும் அதன்பின் வரும் இலக்கங்கள் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே ஒரே கணிப்பொறியில் இரு வேறு சூத்திரங்களால் பை மதிப்பைக் கணக்கிட்டு இரண்டும் ஒத்தால், பொறியின் வன்பொருளும் மென்பொருளும் நலமே என்று நம்பலாம். 1986இல் டேவிட் பெய்லி என்பவர், அன்று உலகின் மிக விரைவான பொறிகளுள் ஒன்றாயிருந்த 'கிரே-2'இல் 2 கோடியே 93 இலட்சம் இலக்கங்களைக் கணக்கிட்டார். அவர் கையாண்டவை போர்வைன் சகோதரர்களின் முறைகள். இராமானுஜன் உழுத அதே நிலத்தில் விளைந்தவை. அந்தக் கணக்கு ஓடியபோது, வேறு சோதனைகளில் தப்பியிருந்த வன்பொருள் பழுதுகள் அத்தகைய பொறி ஒன்றில் வெளிப்பட்டன. ஷாங்க்ஸின் பிழையைப் பொறி காட்டியது; பொறியின் பிழையைச் சூத்திரம் காட்டியது!

பிறகு சுட்நோவ்ஸ்கி சகோதரர்கள் வந்தனர். இராமானுஜனின் வழியைப் பின்பற்றி, ஓர் உறுப்புக்குப் பதினான்கு இலக்கங்கள் தரும் தொடரை அமைத்தனர். 1989இல் 100 கோடி இலக்கங்களைத் தாண்டினர். 2019இல் எம்மா ஹருகா இவாவோ என்னும் ஜப்பானியப் பெண் பொறியாளர் அந்தத் தொடரையே கொண்டு 31 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கண்டார். 2022இல் 100 இலட்சம் கோடி, அதாவது கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அத்தனை இலக்கங்கள் கண்டார். அதனையும் விஞ்சியவர்கள் பின்னர் வந்துவிட்டார்கள். வழி மட்டும் அதே வழிதான்.

இன்னும் ஒன்று. ஓர் ஊரில் சந்திப்புகள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் நான்கைந்து தெருக்களுக்குமேல் பிரியக்கூடாது. இருந்தும் எந்தச் சந்திப்பிலிருந்தும் எந்தச் சந்திப்புக்கும் சில திருப்பங்களிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எப்படித் தெருப் போடுவது? சந்திப்புக்குப் பதிலாகக் கணிப்பொறியையும், தெருவுக்குப் பதிலாகக் கம்பியையும் வைத்துப் பாருங்கள். இது செய்தி வலைப்பின்னலின் கேள்வியாகிவிடும். குறைந்த கம்பியில் நிறைந்த இணைப்பைத் தரும் சிறந்த அமைப்புகளை 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் என்னும் மூவர் வரைந்து காட்டினர். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இராமானுஜன் வரைபடங்கள்'. 1916இல் இராமானுஜன் ஊகமாக எழுதி வைத்த ஒரு கருத்து 1974இல் தெலீன் என்னும் அறிஞரால் நிரூபிக்கப்பட்டது; அதன் தோளில் ஏறித்தான் இந்த அமைப்புகள் எழுந்தன.

தெய்வம் பிழை விடுமா?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை நாவில் எழுதினாள் என்னும் கதையை யாரோ பகைவர் கட்டிவிடவில்லை. இராமானுஜனே தெய்வ பக்தி உடையவர். நண்பர்களிடம் அப்படிச் சொன்னதும் உண்டு. இதனை மறைப்பது பகுத்தறிவாகாது. எல்லாச் சமயங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்மையாகவே தமக்குத் தோன்றுகின்றன என்று அவர் சொன்னதாக ஹார்டி எழுதியிருக்கிறார். அவர் ஆழ்ந்த பக்தர் என்று இந்திய நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் நெஞ்சில் இருந்தது எதுவோ, அது அவருடையது. நாம் கேட்பது வேறு: சூத்திரம் எங்கிருந்து வந்தது?

ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கூறிய முடிவுகள் சில தவறானவை. ஹார்டி அதனைச் சுட்டிக் காட்டினார். எங்கே சறுக்கினார் என்றும் விளக்கினார். சரியான சூத்திரத்தைத் தெய்வம் கொடுத்தது என்றால், தவறான சூத்திரத்தைக் கொடுத்தது யார்? தெய்வத்துக்குமா கணக்குத் தப்பும்? சரியானது வந்தால் தாயார் அருள், தவறானது வந்தால் இராமானுஜன் பிழை என்பது எந்த ஊர் நியாயம்? மனிதன்தான் முயல்கிறான், முயல்கிறவன்தான் தவறுகிறான், தவறுகிறவன்தான் திருத்திக்கொண்டு மேலே போகிறான். அந்தப் பிழைகள் இராமானுஜனுக்கு இழுக்கல்ல. அவை அவருடைய உழைப்புக்குக் கையொப்பம்.

பின் ஏன் அந்த நோட்டுப்புத்தகங்கள் அற்புதமாகத் தோன்றின? மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணமே இல்லை. வானத்திலிருந்து விழுந்தவை போலக் கிடந்தன. ஆனால் காரணம் வானத்தில் இல்லை, கடையில் இருந்தது. காகிதம் வாங்கப் பணமில்லை! சிலேட்டில் எழுதினார், அடுத்த படி எழுத இடம் வேண்டும்போது முழங்கையால் துடைத்தார், மீண்டும் எழுதினார், மீண்டும் துடைத்தார். கடைசியில் நின்ற விடையை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் பதிந்தார். இன்னொரு காரணமும் உண்டு. பதினாறு வயதளவில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் கணித நூல், ஏறத்தாழ 5000 முடிவுகளை நிரூபணம் அதிகம் இன்றி வரிசைப்படுத்திய நூல். கணக்கை எழுதும் முறை இதுதான் என்று அந்தச் சிறுவர் பழகிவிட்டார்.

கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம். சாரம் கண்ணில் படவில்லை என்பதற்காகக் கொத்தனாரே இல்லை, கோபுரம் தானாக முளைத்தது என்பார் உண்டோ? அந்த முழங்கையில் படிந்த பலப்பப் பொடியை மறந்துவிட்டுத்தான் கனவுக் கதையைப் போற்றுகிறோம். அது இராமானுஜனைப் புகழ்வதாகத் தோன்றும். உண்மையில் அவரது உழைப்பை அவரிடமிருந்தே பறிப்பதாகும்.

கேம்பிரிட்ஜ் சென்றபின் அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பது ஒரு கேள்வி. நான்கை ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இருநூறை? மக்மகான் என்பவர் கையாலேயே கணக்கிட்டு விடை கண்டார்: 3 இலட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388! ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரம், எட்டே உறுப்புகளில் இதே விடையைத் தந்தது. பிழை ஆயிரத்தில் நான்கு பங்கு. ஒருவர் ஊகிக்க, ஒருவர் நிரூபிக்க, ஒருவர் எண்ணிச் சரிபார்க்க, மூவர் கூடி இழுத்த தேர் அது.

ஏணியும் கடலும்

உழைப்பு மட்டும் போதுமா? போதாது என்பதையும் இந்த வரலாறே சொல்கிறது. இராமானுஜனுக்கு வறுமை இருந்தது. ஆனால் ஏணியும் இருந்தது. வாசல் கதவைத் தட்டினால் திறந்து, நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஆள் இருந்தார்கள். படித்தோர் கூட்டத்தில் பிறப்பால் கிடைத்த பழக்கம் அது. அதே 1912இல், அதே துறைமுகத்தில், அவர் அமர்ந்திருந்த அலுவலகத்துக்குக் கீழே முதுகில் மூட்டை சுமந்து நடந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவன் மணலில் விரலால் ஒரு சூத்திரம் எழுதியிருந்தால், அதனைக் குனிந்து பார்த்திருக்கக்கூடியவர் யார்? எழுதப் படிக்கவே விடாத சமுதாயத்தில் அப்படி எழுதியிருக்கத்தான் முடியுமா? இராமானுஜனின் பெருமை இதனால் குன்றாது. ஆனால் நாம் இழந்த இராமானுஜன்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் எந்த நோட்டுப்புத்தகத்திலும் இல்லை.

அந்த ஏணி உடையவருக்கும் சாத்திரம் ஒரு சங்கிலியை மாட்டிவைத்திருந்தது. ஹார்டி அழைத்ததும் அவர் புறப்படவில்லை, மறுத்தார். காரணம் என்ன? கடல் கடந்தால் சாதி போய்விடும்! எண்ணிப் பாருங்கள். அவர் பார்த்தது துறைமுக வேலை. சன்னலுக்கு வெளியே உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து போகின்றன. சரக்கு போகலாம், சாக்கு போகலாம். அறிவு மட்டும் போகக்கூடாது! ஓராண்டு இப்படிக் கழிந்தது. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் பேராசிரியர் பேசி இசைய வைத்தார். தாயின் மறுப்பும் தீர்ந்தது. 32 ஆண்டுகளே வாழ்ந்து, 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் கண்மூடிய ஒருவருக்கு அந்த ஓராண்டு எவ்வளவு பெரியது!

ஆசிரியர் ஒருவரின் தொண்டு

வடசென்னைக்கு இந்தக் கதையில் இன்னும் ஒரு பங்கு உண்டு. அதனைச் சொல்லாமல் முடிப்பது நன்றியாகாது.

முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். இராமானுஜனோடு பழகியவர்களைத் தேடி நடந்து, அவர்கள் நினைவில் இருந்ததைக் கேட்டு எழுதி, சிதறிக் கிடந்த கடிதங்களைச் சேர்த்தார். 1968இல் இரண்டு தொகுதிகளாக அவை வெளிவந்தன. வெளியிட்டது பெரிய பல்கலைக்கழகமா? இல்லை, அந்தப் பள்ளிதான்! பின்னாளில் உலகத்தார் இராமானுஜன் வரலாற்றை எழுதப் புகுந்தபோது அந்தத் தொகுதிகள் கைகொடுத்தன. 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் எழக் காரணமாயிருந்தவரும் அவரே. துறைமுகத்துக்கு அருகில், தொழிலாளர் தெருக்களுக்கு நடுவில் அது தொடங்கப்பட்டது. கணக்கு என்பது தொட்டுப் பார்க்கவும் செய்து பார்க்கவும் உரியது என்பது அவர் கொள்கை. 2005இல் அவர் மறைந்தார். கனவில் வந்து சொல்லும் தெய்வத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. பகலில் வந்து சொல்லும் ஆசிரியராக இருந்தார்.

அவர் வழியில் நானும் ஒரு சிறு முயற்சி செய்தேன். மறுநாள் வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுக் கண்டெய்னர் எண் ஒன்றைப் பலகையில் எழுதினேன். சி, எஸ், கியூ, யு என்னும் நான்கு எழுத்துகள், பின் 305438. கட்டத்துக்குள் வரவேண்டிய இலக்கம் எது?

விதி எளிது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு: சி 13, எஸ் 30, கியூ 28, யு 32. முதலாவதை ஒன்றால் பெருக்கு, இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை நான்கால், நான்காவதை எட்டால். இப்படியே இரட்டித்துக்கொண்டே போனால் கடைசி இலக்கத்துக்கு 512 வரும். எல்லாவற்றையும் கூட்டு, 11ஆல் வகு, மீதிதான் விடை. பிள்ளைகள் போட்டார்கள். கூட்டுத்தொகை 6185. மீதி 3. கட்டத்துக்குள் 3!

சாமி கனவைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் அப்போதும் அமரவில்லை. "எழுதுறவங்க அவசரத்துல 305ன்றதை 350ன்னு மாத்தி எழுதிட்டா?" என்றாள். போட்டுப் பார் என்றேன். போட்டாள். கூட்டுத்தொகை 6025, மீதி 8. மூன்று வரவேண்டிய இடத்தில் எட்டு! பிழை அகப்பட்டுக்கொண்டது.

"ஏன் சார் ரெண்டு ரெண்டாப் பெருக்கணும்? எல்லாத்தையும் சும்மா கூட்டினாப் போதாதா?" என்று அடுத்த கேள்வி. பதிலை நான் சொல்லவில்லை. அவள் நோட்டுப்புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு தானே போட ஆரம்பித்தாள். கால் மணி நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தாள்: சும்மா கூட்டினால் 305ம் எட்டு, 350ம் எட்டு, இடம் மாறினாலும் தொகை மாறாது, பிழை தப்பித்துப் போய்விடும், இடத்துக்கு இடம் வேறு எண்ணால் பெருக்கினால்தான் இடமாற்றம் தெரியும்!

இதனை அவளுக்கு யாரும் கனவில் வந்து சொல்லவில்லை. பட்டப்பகலில், திருவொற்றியூரில், வெளியே லாரி ஒலி கேட்டுக்கொண்டிருக்க, அவளே கண்டாள்.

இளைஞர் தோழர்களே! சென்னைத் துறைமுகத்தில் மூட்டைகள் போய்ப் பெட்டிகள் வந்தன. நாட்டின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் 1983இல் இங்குதான் இயங்கத் தொடங்கிற்று. பேரேடு போய்க் கணிப்பொறி வந்தது. சுமந்தவர் பிள்ளைகள் இன்று அந்தப் பெட்டியின் எண்ணைப் படிக்கிறார்கள். நாளை அந்தப் பொறிக்கு ஆணை எழுத வேண்டும். அவர்களிடம் போய், அறிவு என்பது ஆண்டவன் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் வரம் என்று சொல்லாதீர்கள். ஒரு சிலேட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அதைத் துடைத்த முழங்கையைப் பற்றிச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும் மாலைகளில், உங்கள் தெருவில் நான்கு பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஒரு கண்டெய்னர் எண்ணைப் போட்டுக் காட்டுங்கள். ஏணி இல்லாத வீட்டுக்கு ஏணியாக நிற்பது நம்மால் ஆகக்கூடிய காரியம்.